லண்டன் தினேஷ் வாசித்த கல்யாணங்கள்

உக்காரச் சொல்லுங்க டீச்சர். அந்தம்மா ஏன் நின்னுக்கிட்டே இருக்காங்க? அந்தச் சேர் வேண்டாம், ஒரு காலு ஆட்டம். இதுல உக்காரட்டும். ஏசி ரிப்பேரு, ஃபேன் போட்டிருக்கேன். நம்ம ஊரு வெயிலு அவங்களுக்கு ஆகாதுன்னு எனக்குத் தெரியாதுங்களா? மூணு வருசம் அவங்கப்பாவ வெச்சுப் பாத்தவனுங்க நானு.

அப்பறம் ஒண்ணு. நான் பேசறது பூராத்தையும் அப்படியே இங்கிலீசுல மாத்திச் சொல்லோணும்னு இல்லீங்க. நீங்க பள்ளிக்கூடத்துல பாடம் நடத்தறவங்க. எதைச் சொல்லோணும், எதை உடோணும்னு உங்களுக்கே தெரியும். சாராம்சமாச் சொன்னாப் போதும்.

என்ன கேக்கறாங்க? அப்பா வாசிச்சதைக் கேக்கோணுமா? அதுக்குத்தான் அங்கிருந்து ஏரோப்ளேன் ஏறி வந்திருக்காங்களா? அட, இவ்வளவுதானுங்களா! வீடியோ இருக்குது. ஒண்ணு ரெண்டு இல்ல, எரநூறு விசேசத்துக்கு மேல இருக்குது. இந்தக் கம்ப்யூட்டர் கொஞ்சம் மெதுவாத்தான் எந்திரிக்கும். அது எந்திரிக்கறதுக்குள்ள, அவங்கப்பா திருப்பூர்ல எப்படி இருந்தாருன்னு நானே சொல்லிப்போடறேன். பெத்த மகளுக்குத் தெரியோணுமில்லீங்களா?

அவரு பேரு டெனிஸ் வார்பர்ட்டன். அது அவங்களுக்குத் தெரியும், தெரியாம இருக்குமா. ஆனா அந்தப் பேர வெச்சு நம்ம ஊர்ல ஒரு பேனர் அடிக்க முடியுங்களா? படிக்கறதுக்குள்ள பஸ்ஸு போயிரும். அதனால மொத வேலையாப் பேர மாத்துனேன். 'லண்டன் தினேஷ்'. எங்க ஊரு லண்டன் இல்ல, லீட்ஸுன்னாரு. இருக்கட்டுங்க, நம்மாளு துபாய்க்குப் போனா மெட்ராஸ்காரன்னுதான சொல்லிக்கறான், அந்த மாதிரின்னேன். 'பரவால்லீங்க'ன்னாரு. அவரு கத்துக்கிட்ட மொதத் தமிழ் வார்த்தையே அதுதானுங்க. அதுக்கப்பறம் வேற வார்த்தை அவருக்குத் தேவையே படல.

அவங்க ஊர்ல ஜாஸுன்னு ஒண்ணு இருக்குதாம். அதுல அவரு முப்பத்தஞ்சு வருசம் சாக்ஸபோன் வாசிச்சிருக்காரு. பெரிய ஆளாட்ட இருக்குதேன்னு, கூட்டம் எவ்வளவுங்க வரும்னு கேட்டேன். நல்ல நாள்ல நாப்பது பேருன்னாரு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. நம்ம ஊர்ல வளைகாப்புக்கே நாநூறு எலை உழுவுது. அந்த நாப்பதுலயும் பாதிப் பேரு வாத்தியம் வாசிக்கறவங்களாம். இவரு எந்த எடத்துல சறுக்குவாருன்னு பாக்க வந்தவங்களாம். அப்படி ஒரு தொழிலு!

வயசுல ஒரு ரெக்கார்டு போட்டாராம். பேப்பர்ல நல்லா எழுதுனாங்களாம். அப்பறம் அவரு வாசிச்ச எடமெல்லாம் ஒண்ணொண்ணா மூடிக் காப்பிக்கடை ஆயிப் போச்சாம். அதுக்கப்பறம் கப்பலு. கப்பல்ல ஆளுங்க சாப்படற எடத்துல நின்னு வாசிக்கறது. அதுக்கப்பறம் கோவளத்துல ஒரு ஓட்டலு. ஆக மொத்தம் முப்பத்தஞ்சு வருசத்துல அவரு மூஞ்சி போட்டு ஒரு ஃப்ளக்ஸ் எவனும் அடிக்கலீங்க. நான்தான் அடிச்சேன். இருவது அடி ஒசரம், பெருமாநல்லூர் ரோட்டுல. அத டீச்சர் அழுத்திச் சொல்லுங்க.

நான் அவரப் பாத்தது வையாபுரி மொதலாளியோட நியூ இயர் பார்ட்டில. பனியன் எக்ஸ்போர்ட் பண்றவரு, பெரிய கை. அவருகிட்டத் துணி வாங்கற வெள்ளக்காரர் ஒருத்தர் இவரக் கோவளத்துல இருந்து கூட்டிட்டு வந்திருந்தாரு. சவுண்ட் நம்மளது. 'சென்னியப்பன் சவுண்ட் சர்வீஸ்'ன்னா அன்னைக்கே இந்த ஜில்லாவுல தெரியாதவங்க இல்ல. அன்னைக்கு அவரு என்ன வாசிச்சாருன்னு எனக்கு ஞாபகமில்லீங்க. ஆனா அங்க இருந்த ஒருத்தர் பாக்கியில்லாம அவரு தோள்ல கை போட்டு போட்டோ எடுத்துக்கிட்டாங்க. அப்பவே எனக்குப் புரிஞ்சு போச்சு, இந்தாளு கல்யாணத்துக்குன்னே பொறந்தவருன்னு.

பேசி முடிச்சேன். அவருக்கும் போக்கிடம் இல்ல. அவிநாசி ரோட்டுல ரூம் எடுத்துக் குடுத்தேன், மூணு வேள சாப்பாடு, காரு, இங்கிலீசு தெரிஞ்ச ஒரு டிரைவரு. விசா... அது வேண்டாம் டீச்சர், அத உட்டுருங்க. ஆறு மாசத்துக்கு ஒருக்கா ஸ்ரீலங்கா போயிட்டு வருவாரு, அவ்வளவுதான்.

மொத கல்யாணம் அன்னூர்ல. ஜரிகைத் தலப்பா, சிவப்பு ஷெர்வானி, கழுத்துல முத்து மாலை. ராஜா மாதிரி இருந்தாரு. இது எதுக்குங்கன்னாரு. பொண்ணு வீட்டுக்காரங்க ஆசப்படறாங்கன்னேன். பரவால்லீங்க. மண்டபத்து வாசல்ல, இந்தப் பக்கம் பன்னீர் தெளிக்கற புள்ளைங்க, அந்தப் பக்கம் சாக்லேட் ஊத்து ஓடற மெஷினு, நடுவுல இவரு. உள்ள வர்றவங்க மொதல்ல பாக்கறதே இவரத்தான். அத்தன பெரிய எடம் யாருங்க குடுப்பாங்க? மேடையில வாசிக்கறேன்னு கேட்டாரு. மேடையில மாப்ள பொண்ணு நிக்கோணுமில்ல! வாசலப் பாத்து ஒரு பத்து சேர் போட்டுக் குடுங்க, உக்காந்து கேக்கறவங்க கேக்கட்டும்னாரு. சேர் எல்லாம் மேடையப் பாத்துத்தான் போடோணும், திருப்பிப் போட்டா மாப்ள வீட்டுக்காரன் சண்டைக்கு வருவான்னு சொல்லிப் புரிய வெச்சேன்.

அன்னைக்கு அவரு, அவங்க ஊரு சரக்கத்தான் வாசிச்சாரு. கொஞ்ச நேரத்துல பொண்ணோட பெரியப்பா எங்கிட்ட வந்து, வாத்தியம் ரிப்பேரான்னு கேட்டாரு. எனக்கு மானமே போச்சு. அப்பறம் சினிமாப் பாட்டு ஒரு பத்துப் பதினஞ்சு போட்டுக் காட்டுனேன். கெட்டிக்காரருங்க, அதுல நான் கொறை சொல்ல மாட்டேன். ஒருக்காக் கேட்டதும் அச்சு அசலா வாசிச்சுக் காட்டிட்டாரு. எனக்கு அப்படியே கும்புடோணும்னு இருந்துச்சு.

ஆனா ஒரு கெட்ட பழக்கம். அத அந்தம்மாகிட்டச் சொன்னாலும் தப்பில்ல, சின்னதுல அவருகிட்ட இந்த வாத்தியம் கத்துக்கிட்டாங்கன்னீங்க, மகளுக்குத் தெரிஞ்சதுதான இருக்கும். ஒருக்கா வாசிச்ச மாதிரி மறுக்கா வாசிக்க மாட்டாரு! பல்லவி சரியாத்தான் வரும். அப்பறம் எங்கியோ தனியாப் பொறப்பட்டுப் போயிருவாரு. பாட்டு எங்க போச்சு, என்ன ஆச்சுன்னு நாம தேடிட்டு இருக்கோணும். கடைசில அவரு பாட்டுக்குத் திரும்பி வந்து நிப்பாரு. காங்கயத்துல ஒருத்தரு எங்கிட்டச் சண்டைக்கே வந்துட்டாரு. 'எங்க மச்சான் ஊட்டுக் கல்யாணத்துல வேற மாதிரி வாசிச்சான், எங்க ஊட்டுல மட்டும் கொறைச்சு வாசிக்கறானா?' அப்படின்னு. நியாயந்தானுங்களே? ஒரே சர்வீஸு, ஊட்டுக்கு ஒரு மாதிரின்னா ஒறம்பர, சொந்தபந்தம் என்ன நெனைக்கும்?

நான் பேசிப் பாத்தேன். ஏனுங்க, ஒரே மாதிரி வாசிச்சா உங்களுக்கும் நோவு இல்ல, எங்களுக்கும் நோவு இல்ல. அவரு டிரைவர் மூலமாச் சொன்னாரு, அப்படி வாசிக்கறதுன்னா முப்பத்தஞ்சு வருசம் எதுக்குப் பாடுபட்டேன்னு. நான் என்னத்தக் கண்டேன், எதுக்குப் பாடுபட்டாருன்னு?

அப்பத்தானுங்க எனக்கு அந்த ஐடியா வந்துச்சு. இன்னைக்குக் கோயமுத்தூர்ல இருந்து சேலம் வரைக்கும் அத்தன பேரும் அதைத்தான் பண்றாங்க. ஆரம்பிச்சது நான். அதே பாட்டுங்கள ஸ்டூடியோவுல வேற ஒருத்தர வெச்சு சாக்ஸபோன்ல வாசிக்க வெச்சு, சுத்தமா ரெக்கார்டு பண்ணி, பென் டிரைவ்ல போட்டுக்கிட்டேன். விசேசத்துல அவரு முன்னால மைக் இருக்கும், லைட் எரியும், ஆனா ஒயரு ஒண்ணுலயும் போயிச் சேராது. ஸ்பீக்கர்ல பென் டிரைவ் ஓடும். அவரு பாட்டுக்கு ஊதோணும். சத்தம் என் பொறுப்பு.

நீங்க ஏன் டீச்சர் நிறுத்திட்டீங்க? சொல்லுங்க. இதுல மறைக்கறதுக்கு என்ன இருக்குது, இது டெக்னிக்கல்.

அவருக்கு மொத நாளே தெரிஞ்சு போச்சு. தெரியாம இருக்குமா? அவரு வாசிக்காத பாட்டு அவரு தலைக்கு மேல பெட்டி பெட்டியா ஓடுது. சித்த நேரம் வாத்தியத்த எறக்கிட்டு அந்த ஸ்பீக்கரையே பாத்துட்டு நின்னாரு. எனக்குப் பக்குன்னு இருந்துச்சு. உட்டுட்டுப் போயிருவாரோன்னு. அப்பறம் எங்கிட்ட வந்து கேட்டாரு, அப்ப நான் எதுக்குன்னு. நீங்க இல்லாம எப்படீங்க, ஆளு வேணுமில்லன்னேன். அவரு, 'அப்ப நான் என்ன வேணா வாசிக்கலாமா?'ன்னாரு. தாராளமா வாசிங்க, ஒருத்தருக்கும் கேக்காதுன்னேன். சிரிச்சாருங்க. அந்தாளு வாய் உட்டுச் சிரிச்சு நான் பாத்தது அன்னைக்குத்தான்.

அதுக்கப்பறம் ஒரு பிரச்சின இல்லீங்க. ரெண்டு வருசத்துக்கு மேல அப்படியே ஓடுச்சு. கல்யாணம், காது குத்து, புது வீடு, நகைக்கடை தெறப்பு, ஒரு தோட்டத்துல போர் போட்டுத் தண்ணி வந்ததுக்குக்கூட ஊதியிருக்காரு. நேரத்துக்கு மின்னாலயே வந்து நிப்பாரு. பென் டிரைவ் முடிஞ்சு, பந்தி முடிஞ்சு, சேர் அடுக்கறப்பக்கூட கண்ண மூடிட்டு ஊதிட்டு இருப்பாரு. நான் போயி முதுகுல தட்டி நிறுத்துவேன். வேர்த்து ஊத்தும். அவ்வளவு விசுவாசம் தொழில்ல.

என்ன சொல்றாங்க? மெதுவாச் சொல்லச் சொல்லுங்க.

அப்படியா! போன்ல சொன்னாரா? 'ஆயுசுக்கும் நான் இப்படி வாசிச்சதில்ல. தெனம் ராத்திரி புதுசா வருது. இங்க என்னை யாரும் நிறுத்தறதில்ல'ன்னாரா? ஆயிரம் பேருக்கு முன்னால வாசிக்கறேன்னாரா? வாஸ்தவமுங்க. ஆயிரத்துக்கு மேலயே இருப்பாங்க. பந்தில. அவரு ஒண்ணும் பொய் சொல்லல.

பாத்தீங்களா டீச்சர், அவரு வாயாலயே சொல்லியிருக்காரு! அவங்க ஊர்ல நாப்பது பேரு உக்காந்து கேட்டப்ப வராதது, நான் ஒயரப் புடுங்கி உட்டதும் வந்திருக்குது. இந்த நன்றி அவருக்கு இருந்துச்சுன்னு எனக்கு இத்தன நாளாத் தெரியாது. எங்கிட்ட நேர்ல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மனசுக்கு நெறைவா இருக்குதுங்க.

அதைக் கேக்கத்தான் வந்திருக்காங்களா? அப்பா கடைசியா வாசிச்சது எப்படி இருந்துச்சுன்னு? சரி, சரி. எல்லாம் காட்டறேன்.

போன தை மாசம் போயிட்டாரு. அது அவங்களுக்குப் போன்ல நான்தான் சொன்னேன். தூங்குனவரு எந்திரிக்கல. டாக்டர் நெஞ்சு நின்னுருச்சுன்னாரு. அந்தம்மாவுக்கு உடனே விசா கெடைக்கல, அவங்க சரின்னு சொன்ன பொறவுதான் இங்கயே மின்மயானத்துல வெச்சோம். கூட நின்னது நானும் டிரைவரும். ஒரு வாரம் கழிச்சுக் கண்ணீர் அஞ்சலி ஃப்ளக்ஸ் நாலு எடத்துல கட்டுனேன், அதே தலப்பாப் படம் போட்டு.

இனி சொல்றத அவங்களுக்குச் சொல்ல வேண்டாம் டீச்சர். உங்களுக்கு மட்டும் சொல்றேன். அவர மயானத்துல வெச்ச மறுநாள் வையாபுரி மொதலாளி மகளுக்கு ரிசப்ஷன். லண்டன் தினேஷ் வர்றாருன்னு பத்திரிகையிலயே அடிச்சுட்டாரு. அவருகிட்டப் போயி எழவுச் சேதி சொல்ல முடியுங்களா, மங்கள காரியத்துல? அவரு மில்லுல மெஷின் மாட்ட ஜெர்மன்காரர் ஒருத்தர் வந்திருந்தாரு. கிட்டத்தட்ட அதே ஒசரம். கூட்டிட்டு வந்து தலப்பா கட்டி, வாத்தியத்தக் கையில குடுத்து, கன்னத்த மட்டும் உப்பிக்கிட்டு நில்லுங்கன்னேன். எனக்குத் துக்கம் இல்லைன்னு நெனைக்காதீங்க. அந்தத் தலப்பாவ மூணு தடவ அவுத்து அவுத்துக் கட்டுனேன். ஆனா அத்தன பெரிய மண்டபத்துல ஒருத்தருக்குக்கூடச் சந்தேகம் வரலீங்க. மொதலாளி கடைசில எங்கிட்ட வந்து கையக் குடுத்து, 'சென்னியப்பா, இன்னைக்குத்தான்டா இந்தாளு ஒழுங்கா வாசிச்சிருக்கான்'னாரு. தொழிலுன்னா அப்படி நிக்கோணும்.

அவங்க ஏன் உங்களையே பாக்கறாங்க? மண்டபம் பெரிசுன்னு சொன்னேன்னு சொல்லிருங்க.

இந்தா, கம்ப்யூட்டர் வந்துருச்சு. சேர இழுத்துப் போட்டுப் பக்கத்துல உக்காரச் சொல்லுங்க. இது அன்னூர். பாருங்க, தலப்பா எப்படி மின்னுது! அப்பவே நாலு கேமரா, மேல ட்ரோன். ஆளு எவ்வளவு தெளிவாத் தெரியறாரு பாருங்க.

சத்தமா? சத்தம் வருதுங்களே. பாட்டு ஓடுதே. ஆமாங்க, சினிமாப் பாட்டுதான். கல்யாண வீடியோவுக்கு வேற என்னத்தப் போடுவாங்க? இல்லீங்க, இது ஸ்பீக்கர்ல ஓடுனதும் இல்ல, இது எடிட்டிங்ல சேத்தது. கேமராவுல பதியற சத்தத்த எல்லாம் மொதல்லயே அழிச்சுப்போடுவாங்க. கொழந்த அழுவறது, பந்தில எவனோ சாம்பாரு சாம்பாருன்னு கத்தறது, எல்லாம் இருக்குமில்ல. அது யாருக்கு வேணும்?

அடுத்ததப் போடறேன். இது தாராபுரம். இதுலயும் பாட்டுதான். இது பல்லடம், நகைக்கடை. இது நல்ல பாட்டுங்க, அந்த வருசம் வந்தது. எல்லாத்துலயும் அப்படித்தானுங்க இருக்கும். கேமரா கார்டா? அத அடுத்த விசேசத்துக்கு அழிச்சுருவாங்க. ஆளுங்க போன்ல எடுத்ததுல என் பென் டிரைவ்தான் கேக்கும். அவரு ரூம்லயா? ரூம்ல அவரு வாத்தியத்தத் தொட்டே நான் பாத்ததில்ல. மண்டபத்துலயே திருப்தியாயிருவாரு.

பென் டிரைவ் வந்த பொறவு அது இல்லாம வாசிச்சது ஒண்ணாச்சும் இருக்குமான்னு கேக்கறாங்களா? இருங்க, யோசிக்கறேன்.

ஒண்ணே ஒண்ணு இருக்குதுங்க. அது கல்யாணம் இல்ல, எழவு. சேவூர் பக்கம் மாரப்ப கவுண்டர்னு ஒருத்தரு, தொண்ணூறு தாண்டுனவரு. பேரன் பேத்தி கொள்ளுப்பேரன் எல்லாம் பாத்துட்டுப் போனவரு. கல்யாணச் சாவு. வெடி வெடிச்சு, ஆட்டம் பாட்டத்தோட எடுக்கோணும்னு, என்னைக் கூப்பிட்டாங்க. அன்னைக்குன்னு பாத்து மழை. வண்டியில இருந்த ஜெனரேட்டர் தண்ணி பூந்து உக்காந்துருச்சு. பாடைத் தேர் கெளம்பிருச்சு. வேற வழியில்லாம, நீங்க சும்மாவே ஊதிட்டு முன்னால நடங்கன்னேன்.

ஊதுனாருங்க. அது சினிமாப் பாட்டு இல்ல. என்னன்னு எனக்குத் தெரியாது. மொதல்ல ஆளுங்க பேசிட்டேதான் வந்தாங்க. அப்பறம் பேச்சு நின்னுருச்சு. வெடி போடறவன் பத்த வெக்காம கையில வெச்சுட்டு நிக்கறான். கவுண்டரோட மூத்த மகன், அவருக்கே எழுவது வயசு, நடு ரோட்டுல உக்காந்து கொழந்தையாட்டம் அழுவறாரு. ஒருத்தரப் பாத்து ஒருத்தர்னு பொம்பளைங்க, ஆம்பளைங்க, அத்தன பேரும் அழுவறாங்க. எனக்கும் எங்கப்பன் நெனப்பு வந்துருச்சு. நான் எங்கப்பனுக்கு அழுகாதவனுங்க. சரி, அத உடுங்க.

நீங்களே சொல்லுங்க டீச்சர், ஆடிப் பாடி அனுப்போணும்னு கூப்பிட்ட எடத்துல ஊரையே அழ உட்டுட்டு வந்தா எனக்குப் பேரு கெடாதா? சுடுகாட்டுல வெச்சே அவரச் சத்தம் போட்டேன். பரவால்லீங்கன்னாரு. அன்னைக்கோட எழவு ஆர்டர் எடுக்கறதையே நிறுத்திட்டேன்.

அதுக்கு வீடியோ இருக்குதுங்க! கவுண்டர் பேரன் ஒருத்தன் அமெரிக்காவுல இருக்கான், வர முடியல, அவனுக்குன்னு எடுத்தது. காப்பி நம்மகிட்டயே இருக்குது. அந்தம்மாவ அழுக வேண்டாம்னு சொல்லுங்க, இந்தா தேடறேன். சேவூர்... சேவூர்... கெடைச்சிருச்சு.

பாருங்க. தலப்பா கெடயாது, ஷெர்வானி கெடயாது, நனஞ்ச சட்டையோட நடக்கறாரு. கேமராக்காரனும் அழுதிருப்பானாட்ட இருக்குது, ரொம்ப நேரம் அவரையே காட்டறான். கைய மட்டும் பக்கத்துல காட்டறான் பாருங்க. சத்தத்தக் கூட்டறேன், இருங்க.

அட.

இதுலயும் போட்டுட்டானுங்க. சோகப்பாட்டுங்க, அப்பனப் பத்துனது. நல்ல பாட்டுத்தான், எடத்துக்குப் பொருத்தமாத்தான் இருக்குது.

அவங்க எதுக்கு டீச்சர் அவ்வளவு பக்கத்துல போயி அவரு வெரலையே பாக்கறாங்க? வெரலப் பாத்து என்னத்தக் கண்டுபுடிக்க முடியும்? அவரு வெரலு நகர நகர அதும்பின்னாலயே என்னமோ முனகறாங்க. சத்தத்தக் கொறைக்கச் சொல்றாங்களா? சுத்தமா நிறுத்தோணுமா? நிறுத்திட்டா வீடியோவுல என்னங்க இருக்குது, சும்மா ஒரு ஆளு நடக்கறாரு.

பாட்டு புடிக்கலியாட்ட இருக்குது. அவங்க முனகறது எனக்குத் தெரியாத பாட்டு, பேர மட்டும் கேட்டுச் சொல்லுங்க. எந்தப் பாட்டா இருந்தாலும் சரி. எடிட்டிங் பண்றவரு பக்கத்து ரூம்லதான் இருக்காரு, காப்பி குடிச்சு முடிக்கறதுக்குள்ள மாத்திப் போட்டுக் குடுத்துருவாரு.